உப்பு விழாத தெரு

கிழக்கு லண்டனின் கிரீன் ஸ்ட்ரீட்டில் விழுந்த பனி வெள்ளையாக நிற்கவே இல்லை. 58-ஆம் எண் பேருந்தும் 104-ஆம் எண் பேருந்தும் மாறி மாறி மிதித்ததில், சாலையில் தூவியிருந்த உப்பும் சேர்ந்து, அது பழுப்புச் சேறாகி ஓரத்துக்கு ஒதுங்கிவிட்டது. அங்கிருந்து பிரிகிற எங்கள் தெருவில் பத்து மணிக்கெல்லாம் வாசற்படி எது, நடைபாதை எது, சாலை எது என்று தெரியாதபடி ஒரே வெள்ளை. 2022 டிசம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை இரவு.

முதல்நாள் இரவுதான் கத்தாரில் உலகக்கோப்பைக் காலிறுதியில் இங்கிலாந்து பிரான்ஸிடம் தோற்றிருந்தது. எங்கள் பகுதியான அப்டன் பார்க்குக்கு அது சொந்த வீட்டு நஷ்டம். 1966-இல் கோப்பையைத் தூக்கிய பாபி மூர் வெஸ்ட் ஹாம் ஆட்டக்காரர். அந்த அணி 2016 வரை ஆடிய மைதானம் இங்கேதான் இருந்தது. இன்று அந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள். பகல் முழுக்க முகம் தொங்கிக் கிடந்த தெருவைப் பனி வந்து எழுப்பிவிட்டது. சேலைக்கடைகளும் நகைக்கடைகளும் சாத்திய பிறகும் ஆட்கள் வெளியே நின்றார்கள். பிள்ளைகள் நிறுத்தியிருந்த கார்களின் கூரையிலிருந்து பனியை வழித்து உருட்டி ஒருவர்மேல் ஒருவர் எறிந்தார்கள். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைக் கோட்டு மாட்டிய ஒரு பாட்டி, உள்ளங்கையை நீட்டிப் பனியை வாங்கி, கரைகிற வரை பார்த்துவிட்டு மறுபடி நீட்டினாள். பேத்தி அதை ஊருக்கு வீடியோவில் காட்டிக்கொண்டிருந்தாள்.

நான் வேலைக்குக் கிளம்பி வாசலில் நின்றிருந்தேன். லேட்டனில் உள்ள நியூ ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் காய்கனிச் சந்தை நள்ளிரவில் உயிர்பெறும் இடம். கூட வேலை செய்பவரின் வேனுக்காகக் காத்திருந்ததால் எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்க முடிந்தது.

பதினொன்று தாண்டியிருக்கும். வெள்ளி நிற டொயோட்டா ப்ரியஸ் ஒன்று முக்கில் திரும்பியது. பின்கண்ணாடியில் மினிகேப் உரிமத்தின் வட்டவில்லை. இரண்டு வீடு தள்ளியிருக்கும் அண்ணனின் கார். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பத்தைந்து வயதிருக்கும், இந்த ஊரில் கார் ஓட்டியே பிள்ளைகளைப் படிக்க வைப்பவர். அவர் வேகமாக வரவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். பனியில் மோதிய கார் என்றாலே ஓட்டியவர் பறந்து வந்திருப்பார் என்று நாம் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். நடந்து போகிறவர் முந்திவிடக்கூடிய வேகம்தான். திரும்பியதும் பிரேக் விளக்கு எரிந்தது. எரிந்தபடியே இருந்தது. கார் நிற்கவில்லை. கோயில் குளத்துப் படியில் பாசியை மிதித்தவர் நின்ற வாக்கிலேயே கீழே போவதுபோல, முகம் முன்னே பார்த்திருக்க, உடம்பு மட்டும் இடப்பக்கமாக ஒதுங்கிக்கொண்டே போனது. பேட்டரியில் ஓடிய கார் என்பதால் எஞ்சின் சத்தமும் இல்லை. ஏபிஎஸ் துடிக்கிற கடகடப்பு மட்டும் சக்கரத்துக்குள்ளிருந்து கேட்டது. பிறகு ஒரு மொத்தல். இடது முன்சக்கரம் நடைபாதையின் கருங்கல் விளிம்பில் இடிக்க, கார் ஒருமுறை உதறி நின்றது.

சாலை போடுகிறவர்கள் மழைநீர் தேங்காமல் வடிய வேண்டும் என்று நடுவை உயர்த்தி இரண்டு ஓரத்தையும் சரித்துப் போடுவார்கள். காய்ந்த நாளில் அந்தச் சரிவை யாரும் உணர்வதில்லை. டயருக்கும் தரைக்கும் பிடிமானம் விட்டுப்போன கணத்தில், தண்ணீர் போகிற வழியில் காரும் போகிறது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் ஏபிஎஸ் காக்கும். இல்லாத பிடிமானத்தை அதனால் உண்டாக்க முடியாது. போதாததற்கு, இந்நாட்டில் பெரும்பாலோர் ஆண்டு முழுக்க ஓட்டுவது கோடை டயரில். வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே போனால் அந்த ரப்பர் இறுகத் தொடங்கும். ஜெர்மனியில் பனி கிடக்கும் சாலையில் குளிர்காலத்துக்கு ஏற்ற டயர் இல்லாமல் ஓட்டக்கூடாது. பிரிட்டனில் அப்படிச் சட்டமில்லை. எப்போதாவது ஒரு வருடம் விழுந்து ஒரு வாரத்தில் போய்விடும் பனிக்காக இன்னும் நாலு டயர் வாங்கி அடுக்கி வைக்க, வாடகை வீட்டில் இருப்பவரிடம் பணமும் இல்லை, இடமும் இல்லை. காய்ந்த சாலையில் 20 மைல் வேகத்தில் போகும் கார் நிற்க 12 மீட்டர் போதும் என்கிறது இங்குள்ள சாலைவிதிப் புத்தகம். பனியிலும் உறைந்த நீரிலும் பத்து மடங்கு தூரம் ஆகலாம் என்று அதே புத்தகம் எச்சரிக்கிறது. முக்கிலிருந்து அண்ணனின் வீட்டு வாசல் அவ்வளவு தூரத்தில் இல்லை.

கதவைத் திறந்து இறங்கியவர் முதலில் பார்த்தது சக்கரத்தை அல்ல, பின்னிருக்கையை. சவாரியை இறக்கிவிட்டுத்தான் வந்திருந்தார்; உள்ளே யாரும் கிடையாது. அது அவருக்கே தெரியும். ஆனாலும் திரும்பிப் பார்த்தார். பிறகுதான் குனிந்து, போனின் வெளிச்சத்தைச் சக்கரத்தில் அடித்தார். அலாய் விளிம்பில் கைநீளத்துக்குச் சிராய்ப்பு. டயரின் பக்கவாட்டில் வெடிப்பு எதுவும் தெரியவில்லை. கல்லைத் தடவிப் பார்த்தார். கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. விளக்குக் கம்பத்தையோ வேலியையோ இடித்திருந்தால் உரியவரைத் தேட வேண்டும், கிடைக்காவிட்டால் போலீசில் சொல்ல வேண்டும்; கல் யார்மேலும் புகார் சொல்லாது.

வீட்டுக் கதவு திறந்தது. அவர் மனைவி, எனக்கு அக்கா, நைட்டிமேல் சால்வையைப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்றார். காலில் வீட்டுச் செருப்பு.

"உங்களுக்கு ஒண்டும் நடக்கேல்லையே?"

"எனக்கு ஒண்டுமில்லை. பிரேக் பிடிக்கப் பிடிக்க அது தன்ர பாட்டுக்குப் போகுது."

"கார் கிடக்கட்டும். உள்ளுக்கை வாங்கோ."

அவர் போகவில்லை. காரின் பின்பாதி சாலைக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. அடுத்து வருகிற காருக்கும் இதே கதிதான், அது வந்து இதன் மேலேயே ஏறும். என்னைப் பார்த்து, "தம்பி, ஒருக்காத் தள்ளிவிடுவீரோ?" என்றார். எதிர்வீட்டு வங்காளத்துப் பெரியவர் கேட்காமலே மண்வெட்டியோடு வந்தார். மூன்றாவது வீட்டு லிதுவேனியப் பையன் வந்தான். சக்கரம் பனியில் வீணாகச் சுழன்றபோது அக்கா உள்ளே ஓடி, இருபது கிலோ அரிசி வந்த சாக்குகளைக் கொண்டுவந்து டயருக்கு அடியில் திணித்தார். இன்னொரு வீட்டிலிருந்து ஒரு அம்மா ஈஸ்ட் ஹாம் கடையில் வாங்கிய கல்லுப்புப் பையையே பிரித்துக் கொட்டினார். யாரோ கெட்டிலோடு வந்தார். பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார். சுடுநீர் இந்தக் குளிரில் அரைமணிக்குள் கண்ணாடியாக உறைந்துவிடும். அது அவர் பல குளிர்காலம் பார்த்துத் தெரிந்தது.

கார் நகர்ந்தபோதுதான் சேதம் தன்னைக் காட்டியது. ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருந்தார்; வலது சக்கரம் நேராக இருக்க, இடது சக்கரம் வெளியே பார்த்தது. எல்லோரும் பார்த்தோம். ஒருவரும் சொல்லவில்லை. காரை ஓரத்தோடு ஒட்டி நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, அதையும் நம்பாமல் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்தார். எல்லா மூலையிலிருந்தும் படம் எடுத்தார். வங்காளத்துப் பெரியவரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றார்.

வேன் வரவில்லை. வழியெல்லாம் இதே கதைதான் என்று தகவல் வந்தது.

மறுநாள் பகல் அவர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்குப் போகாமல் வீட்டில் இருந்த மகன் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தான். பிளேன் ரீயும் சர்க்கரைத் துண்டும் வந்தன. பெருங்கணக்கு நடந்துகொண்டிருந்தது.

காப்பீட்டில் கேட்கலாமா, வேண்டாமா? இடித்தது ஒற்றைக் கார், எதிர்த்தரப்பு கிடையாது, அதனால் குற்றம் ஓட்டியவர் கணக்கில் விழும். பனிக்குக் காப்பீட்டு எண் கிடையாது. முதலில் நாம் கட்ட வேண்டிய எக்ஸஸ் ஒரு பெரிய தொகை. பல ஆண்டு மோதாமல் ஓட்டிச் சேர்த்த நோ க்ளெய்ம் சலுகை குறையும். சவாரி ஏற்றும் காருக்கான காப்பீடு வீட்டுக்காரின் காப்பீட்டைவிடப் பல மடங்கு. அதில் அடுத்த ஆண்டு ஏறும் தொகையையும் சேர்த்தால், சொந்தக் கையில் பழுதுபார்ப்பதே மேல் என்று மகன் கணக்குப் போட்டுக் காட்டினான். "ஆனா அப்பா, க்ளெய்ம் பண்ணாட்டியும் நடந்ததைச் சொல்லத்தான் வேணும். பொலிசியில எழுதிக் கிடக்கு." பெரும்பாலான ஒப்பந்தங்களில் அப்படித்தான் இருக்கும். சொல்லாமல் மறைத்து, பின்னால் ஒரு பெரிய விபத்து நேர்ந்து, அப்போது பழையதைத் தோண்டி எடுத்தால் எல்லாம் கைவிட்டுப் போகும்.

"சொல்லுவம்," என்றார் அண்ணன். "மறைச்சுச் சீவிக்க வேண்டாம்."

அடுத்தது உரிமம். மினிகேப்களுக்கான 1998-ஆம் ஆண்டு லண்டன் சட்டத்தின்படி, காரின் பாதுகாப்பையோ தோற்றத்தையோ கணிசமாகப் பாதிக்கும் எந்த மோதலையும் 72 மணி நேரத்துக்குள் உரிமம் தரும் லண்டன் போக்குவரத்து நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஏறுகிறவர் உயிருக்கான விதி, நியாயமானது. ஆனால் அந்த 72 மணி நேரமும் அதற்குப் பிறகும், கார் நிற்கிற ஒவ்வொரு மணி நேரமும் அண்ணனின் பையிலிருந்து போகிறது. அதுவும் எந்த வாரம் என்று பாருங்கள். 13, 14, 16, 17 ஆகிய நாள்களில் ரயில் வேலைநிறுத்தம். ஊரே காரைத் தேடும். 15-ஆம் தேதி தாதியர் வேலைநிறுத்தம், ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங் சங்கத்தின் 106 ஆண்டு வரலாற்றில் நாடளாவிய முதல் வேலைநிறுத்தம். கிறிஸ்துமஸ் விருந்துகள் வேறு. மினிகேப் ஓட்டுபவர் ஜனவரியின் வறட்சிக்குச் சேர்த்து வைப்பது இந்த இரண்டு வாரத்தில்தான். கார் நின்றாலும் அதன் செலவு நிற்காது: மாதத் தவணை, காப்பீட்டுத் தவணை, உரிமக் கட்டணம், வீட்டு வாடகை. அண்ணன் இதையெல்லாம் வாயால் சொல்லவில்லை. மேசைமேல் கிடந்த காலண்டரில் இந்த வாரத்து நாள்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டார். அக்கா அதைப் பார்த்துவிட்டு, தான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்குப் போன் போட்டு, கூடுதல் ஷிஃப்ட் இருக்கிறதா என்று கேட்டார்.

செவ்வாய்க்கிழமை ஒரு சொந்தக்காரரின் இழுவை வண்டியில் காரை ஏற்றினார்கள். ஓட்டிக்கொண்டே போய்விடலாம், மெதுவாகப் போனால் போதும் என்று அந்தச் சொந்தக்காரர் சொன்னார். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. அது சரியான முடிவு. கல்லில் இடித்த சக்கரத்தோடு மெதுவாக வீடு வந்து சேர்ந்தவர் பலர். வழியில், சக்கரத்தைப் பிடித்திருக்கும் பந்துமூட்டு கழன்று, சக்கரம் படுத்துக்கொண்டவரும் உண்டு. என்னையும் கூப்பிட்டார். போனேன்.

ஃபாரஸ்ட் கேட் பக்கத்தில் ரயில்பாதையைத் தாங்கும் செங்கல் வளைவுகளுக்குள் இருக்கிறது கராஜ். கிழக்கு லண்டனின் கார் வைத்தியம் பல காலமாக இந்த வளைவுகளில்தான் நடக்கிறது. நாடெங்கும் உள்ள ஆயிரக்கணக்கான இத்தகைய வளைவுகளை 2019-இல் 146 கோடி பவுண்டுக்கு நெட்வொர்க் ரயில் தனியாருக்கு விற்றது. அதன்பின் வாடகைப் பேச்சு இல்லாத கராஜ் இல்லை. மற்ற நாளில் ரயில் தலைக்குமேல் போகும்போது பேச்சை நிறுத்திவிட்டுத் தொடர்வார்களாம். அன்று வேலைநிறுத்தம், பேச்சு தடையில்லாமல் நடந்தது.

மெக்கானிக்கும் யாழ்ப்பாணத்தவர், அண்ணனைவிட மூத்தவர். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை போட்டிருந்தபோது பெட்ரோல் கிடையாது. கார்பரேட்டருக்குச் சூப்பிப் போத்தலால் சில துளி பெட்ரோலைப் பீச்சி எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிய மொரிஸ் மைனர்களையும் ஆஸ்டின்களையும் அங்கே பார்த்துக்கொண்டவர்களில் ஒருவர். உதிரிப்பாகம் வராத ஊரில் தொழில் கற்றவர் எதையும் தட்டி நிமிர்த்திவிடுவார் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். அவர் செய்தது வேறு.

முதலில் காரைத் தொடவே இல்லை. தரையில் நின்ற காரைச் சுற்றி வந்தார். சக்கரத்துக்கும் அதன் வளைவுக்கும் இடையே உள்ள இடைவெளியை இடப்பக்கமும் வலப்பக்கமும் விரல் கொடுத்து அளந்தார். இடது சக்கரம் இரண்டு விரல்கடை பின்னால் போயிருந்தது. பிறகு காரை மேலே தூக்கினார். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார், பந்துமூட்டில் ஆட்டம். இடமும் வலமும் பிடித்து ஆட்டினார். ஸ்டீயரிங்கிலிருந்து வரும் கம்பியிலும் ஆட்டம். சக்கரத்தைச் சுழலவிட்டு, ஓரத்தில் ஒரு ஸ்க்ரூ டிரைவரை அசையாமல் பிடித்தார். விளிம்பு அதை நெருங்கி விலகி, நெருங்கி விலகிப் போனது. வெளியே தெரிந்த சிராய்ப்பு ஒன்றுமில்லை; உள்விளிம்பு நசுங்கியிருந்தது. டயரைக் கழற்றித் திருப்பியபோது உட்பக்கச் சுவரில் ஒரு வீக்கம். மேலே ரப்பர் முழுசாகத்தான் இருந்தது. உள்ளே நூலிழைகள் அறுந்திருந்தன. அது நாளையும் வெடிக்கலாம், ஒரு மாதம் கழித்து எண்பது மைல் தள்ளி மோட்டார்வேயிலும் வெடிக்கலாம். அந்த வீக்கத்தை அவர் கட்டைவிரலால் அழுத்திக் காட்டிய கணத்தில் அண்ணனின் முகத்தைப் பார்த்தேன். அந்தச் சக்கரத்தை அடுத்து, முன்னிருக்கையில், மகன் உட்காருவான்.

"கீழ்க்கை வளைஞ்சு போச்சு," என்றார் மெக்கானிக். சக்கரத்தைச் சட்டத்தோடு பிணைக்கும் இரும்புக் கை. விளக்கைக் கிட்டே பிடித்தார். வலப்பக்கத்துக் கையோடு ஒப்பிட்டால்தான் வளைவு தெரிந்தது. தனியாகப் பார்த்தால் நானெல்லாம் சரியென்று விட்டிருப்பேன்.

"நிமித்தேலாதோ?"

"நிமித்தலாம். நான் நிமித்த மாட்டன்."

வேறு பேச்சு இல்லை. வளைந்த இரும்பை நிமிர்த்தினால் வளைந்த இடத்தில் அது களைத்துப்போயிருக்கும். அடுத்த பள்ளத்தில் ஒடியும். கீழ்க்கை புதிது, பந்துமூட்டு அதனோடே வரும். ஸ்டீயரிங் முனை புதிது. அலாய் சக்கரத்தை மட்டும் உடைத்த கார் கடையிலிருந்து பழையதாக வாங்கலாம், அதை முதலில் சுழற்றிப் பார்த்துவிட்டு. முன் டயர் இரண்டையும் மாற்றச் சொன்னார். வலது டயரின் பள்ளத்தை அளந்தார். சட்டம் கேட்பது 1.6 மில்லிமீட்டர், அதற்குக் குறைந்தால் ஒரு டயருக்கு 2,500 பவுண்டு வரை அபராதமும் உரிமத்தில் 3 புள்ளியும். அண்ணனின் டயர் சட்டத்தைத் தாண்டித்தான் இருந்தது. "சட்டத்துக்குக் காணும். சினோவுக்குக் காணாது," என்றார். நாலு பருவத்துக்குமான டயர் இரண்டைப் போடச் சொன்னார். பின்னுக்கும் அதே வகை இரண்டு, இல்லாவிட்டால் முன்பக்கம் பிடிக்கும்போது பின்பக்கம் சுழற்றி எறியும். நாலு டயர். அண்ணன் சுவரைப் பார்த்தார். பின் இரண்டின் பணத்தை ஜனவரியில் தந்தால் போதும் என்று மெக்கானிக் காரைப் பார்த்தே சொன்னார். பின்பக்க அச்சையும் விடாமல் அளந்து, அது தப்பியிருக்கிறது என்றபோது மட்டும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எல்லாம் பூட்டி முடித்து, சக்கரங்களின் கோணத்தை அளக்கும் கருவியில் நிறுத்தி, ஸ்டீயரிங் நேராக நிற்கும்போது கார் நேராக ஓடுகிறது என்று காகிதத்தில் அச்சடித்துக் கொடுக்க வெள்ளிக்கிழமை ஆனது. அந்தக் காகிதத்தையும் பில்லையும் பத்திரமாக உறையில் வைத்தார் அண்ணன். காப்பீட்டாருக்கும் உரிமக்காரருக்கும் காட்ட அதுதான் சாட்சி. யாரேனும் இப்படி மோதியவர்கள் இதைப் படித்தால் அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்குங்கள். விளிம்பில் பூச்சுப் பூசி அனுப்பும் கடையில் அது கிடைக்காது.

எங்கள் தெருவில் அப்போதும் பனி இருந்தது. கால்பட்டு இறுகி, பகலில் ஓரம் கசிந்து, இரவில் மறுபடி உறைந்து, முதல்நாளைவிடக் கெட்டியாக. கிரீன் ஸ்ட்ரீட் எப்போதோ காய்ந்துவிட்டது.

இந்த நாட்டில் சாலையில் தூவும் உப்பில் கணிசமான பங்கு செஷயரில் உள்ள வின்ஸ்ஃபோர்டு சுரங்கத்திலிருந்து வருகிறது. 1844-இல் திறந்தது, இன்னும் வெட்டுகிறார்கள். களிமண் கலந்த பழுப்புப் பாறையுப்பு. பனி விழும் முன்பே தூவ வேண்டும், விழுந்தபின் டயர்கள் ஏறி ஏறி அதை நொறுக்கிக் கலக்க வேண்டும், அப்போதுதான் உருகும். எனவே கவுன்சில்கள் எங்குமே பேருந்துத் தடம், ஆஸ்பத்திரி வழி, பெருஞ்சாலை என்று வரிசை வைத்துத் தூவுகின்றன. அதில் காரணம் இருக்கிறது. குறுக்குத் தெருவுக்கெல்லாம் லாரி போய் மாளாது. 2009 பிப்ரவரி 2 அன்று லண்டன் பேருந்துகள் அத்தனையும் நின்றுபோன நாளை நினைவு வைத்திருப்பவர்கள், பெருஞ்சாலை திறந்திருப்பதன் அருமையை அறிவார்கள்.

சட்டமும் ஒரு காலத்தில் இதில் கைகழுவியிருந்தது. 1991-இல் கிழக்கு சசெக்ஸில் ஒருவர் காலை வேளையில் உறைந்த சாலையில் சறுக்கிப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் மோதி, உடல் ஏறக்குறைய முழுவதும் செயலிழந்தார். வழக்கு பிரபுக்கள் சபை வரை போனது. சாலையைப் பழுதில்லாமல் வைப்பது அதற்குப் பொறுப்பான அமைப்பின் கடமை, உறைபனியை அகற்றுவது அதில் அடங்காது என்று 2000-இல் தீர்ப்பு வந்தது. 2003 ஜனவரி கடைசியில் பனியில் எம்11 மோட்டார்வேயில் ஓட்டுநர்கள் இரவு முழுக்கக் காருக்குள் உறைந்து கிடந்தார்கள். அந்த ஆண்டு அக்டோபர் 31 முதல் சட்டம் மாறியது: பனியாலும் உறைபனியாலும் வழிக்கு ஆபத்து நேராமல், நியாயமாக இயன்ற அளவு பார்த்துக்கொள்ள வேண்டும். இயன்ற அளவு என்ற சொல்லுக்குள் பெருஞ்சாலை அடங்குகிறது. தெருமுக்கு வெளியே நிற்கிறது. அண்ணன் அன்றிரவு லண்டன் முழுவதையும் சுற்றிவிட்டு, ஒரு கீறலும் இல்லாமல் வந்தார். அவரைப் பிடித்தது வீட்டு வாசலுக்கு முந்தைய சில கெஜம். இரவில் வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் குடியிருப்பது இத்தகைய தெருக்களில்தான் என்பதை வரிசை போடுகிறவர்கள் தங்கள் வரைபடத்தில் சேர்க்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். முக்கில் ஒரு மஞ்சள் உப்புத்தொட்டி வைத்தால் போதும். தூவுவதற்குத் தெருவில் கைகள் உண்டு. ஞாயிறு இரவு அவற்றைப் பார்த்தேன்.

இது என் யோசனை மட்டுமல்ல. சனிக்கிழமை மாலை அண்ணன் மகனை உட்கார வைத்து, கவுன்சிலுக்கு மின்னஞ்சல் எழுதச் சொன்னார். காரைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம் என்றுவிட்டார்.

"தொட்டி கேட்டு எழுது. ஏன் வேணுமெண்டு கேப்பினம். தெருவில ஆர் ஆர் ராவில போய் வருகினம் எண்டு ஒவ்வொரு வீடாச் சொல்லுறன், எழுது. பேர் போடாதை. முதல் வீடு, ரெஸ்டோரண்டில சமையல், ராத்திரி ஒரு மணிக்கு வாறவர். அங்கால, நியூஹாம் ஆஸ்பத்திரியில நர்ஸ். அந்த வெள்ளைப் பெடியன், கட்டட வேலை, விடிய நாலரை. எதிர்வீட்டுப் பெரியவர் சுபஹுத் தொழுகைக்கு நடந்து போறவர், கைத்தடியோட. பெற்றோல் ஸ்டேஷனில நிக்கிற பிள்ளை. தம்பி, ராவிராவா மார்க்கெட்."

மகன் தட்டச்சு செய்துகொண்டே போனான். அண்ணன் ஜன்னல் திரையை விலக்கி, வீடுகளைப் பார்த்துப் பார்த்துச் சொன்னார். இவ்வளவு பேரா என்று மகன் நிமிர்ந்தான். "இன்னும் இருக்கு," என்றார்.

அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்னை விட்டிட்டியள்."

"நீ எப்ப..."

"விடிய அஞ்சரைக்கு பஸ்ஸுக்கு நடந்து போறது ஆர்? இந்தக் கிழமை ரெண்டு தரம் சுவரைப் பிடிச்சுக்கொண்டு போனனான். தம்பிக்குத் தெரியும், சந்தையால வரேக்கை கண்டவர்."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் திரும்பி, "மேல போ," என்றார் மகனிடம். "முதல் வீட்டுக்கு முன்னால ஒரு வரி போடு. முதியோர் இல்லத்தில வேலை. நடந்து போறவ."